ஹேரத்து நாய்

ஏவ்ரில் புல்லிமோர் தன் வீட்டில் தங்க வந்த யாரிடமும் ஒரு தடவைகூட "நான் பார்த்திருக்கிறேன்" என்று சொன்னதில்லை. "பார்த்ததில்லை" என்றும் சொன்னதில்லை. காலையில் பொரித்த முட்டையைத் தட்டில் இறக்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னைக்கு எந்தப் பக்கம்? மணல்முனைக்குப் போறீங்களா? போங்க, போங்க. ஆனா படகுல இடது பக்கமா உக்காருங்க. வலது பக்கம் உக்காந்தவங்க மணல்ல படுத்திருக்கற சீல் மிருகத்தோட முதுகைத்தான் பாத்துட்டு வருவாங்க."

நார்ஃபோக்கின் வடகரையில், கடலுக்கும் உப்புச் சதுப்புக்கும் இந்தப் பக்கம் இருக்கும் ஸ்டிவ்லிங் கிராமத்தில் அவள் வீடு. சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர், சிவப்பு ஓடு, வாசலில் 'அறையும் காலைச் சாப்பாடும்' என்று ஒரு பலகை. மூன்று அறைகள். லண்டனிலிருந்தும் பர்மிங்ஹாமிலிருந்தும் வந்தவர்கள் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிளம்பிப்போய், சாயங்காலம் வெயிலில் சிவந்த மூக்கோடு திரும்பி வந்து, "நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு மிஸஸ் புல்லிமோர்" என்பார்கள். அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்வாள்.

சொன்னது எதையும் அவள் பார்த்ததில்லை.

அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஈஸ்டருக்குக் கதவைத் திறந்தால் அக்டோபர் கடைசி வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காலையில் சமையல், பத்து மணிக்குப் படுக்கை விரிப்பு மாற்றுவது, அப்புறம் துவைப்பது, காயப்போடுவது, இஸ்திரி போடுவது. மத்தியானத்துக்கு மேல் புது ஆட்கள் எந்த நேரத்திலும் வந்து மணியடிக்கலாம், கதவைத் திறக்க ஆள் வேண்டும். ஆட்கள் வருவது நின்று அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நவம்பரில், சீல் பார்க்கப் போகும் படகைக் கரையேற்றி வைத்துவிடுவார்கள். மாளிகைகளின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். நாலு மணிக்கு இருட்டிவிடும். மாவட்டமே கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடும்.

ஆகவே ராய் போனான். அவள் புருஷன். பக்கத்து டவுனில் ஆணி, திருகு, வண்ணப்பூச்சு விற்கும் கடையில் வேலை. அந்த டவுனில் ஒரு காலத்தில் புதன்கிழமை மத்தியானம் எல்லாக் கடைகளையும் மூடிவிடுவார்கள். பழைய வழக்கம், எல்லாரும் விட்டுவிட்ட பிறகும் ராயின் முதலாளி விடவில்லை. புதன்கிழமை ஒரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு ராய் தன் சின்னக் காரில் எங்காவது போவான். ஒரு வாரம் ஏதாவது தேவாலயம், ஒரு வாரம் காற்றாலை, ஒரு வாரம் கோட்டையின் இடிபாடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இஸ்திரி போடும் அவளுக்குச் சொல்லுவான். நன்றாகச் சொல்லுவான். அவள் தலையணை உறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேள்வி கேட்பாள். படிக்கட்டு கல்லா மரமா? அந்த ஆள் தொப்பி போட்டிருந்தானா? அவன் தெரியாது என்று சொன்னதே கிடையாது.

"ஹேரம் சர்ச்சுல ஒரு பெஞ்சு இருக்கு புள்ள," என்றான் ஒரு புதன்கிழமை. "அதோட ஓரத்துல மரத்துல ஒரு நாய் செதுக்கியிருக்கான். முன்னங்காலு ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாத்து. திருட்டு வாத்து. எவன் வீட்டுலயோ அமுக்கிட்டு வந்து நேரா சர்ச்சுக்குள்ள புகுந்திருக்கு. அந்த மூஞ்சிய நீ பாக்கணும். 'நானா எடுத்தேன்? நான் ஜெபம் பண்ண வந்தேன்'னு சொல்ற மூஞ்சி."

ஏவ்ரில் சிரித்த சிரிப்பில் இஸ்திரிப் பெட்டி விரிப்பில் நின்றுவிட்டது. நல்ல விரிப்பு, பழுப்பாகக் கறை விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து வாத்து நாய் அவளுடையதாகிவிட்டது. குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வாள். நாயின் மூஞ்சியைத் தன் மூஞ்சியில் செய்து காட்டுவாள். வழி கேட்பவர்களை ராய் வாசலுக்குக் கூட்டிப்போய், "ஆலைய தாண்டி இடது பக்கம், அப்புறம் ஒரு பன்னிப் பண்ணை, நாத்தம் வந்தா சரியான வழின்னு அர்த்தம்" என்று கையைக் காட்டி அனுப்புவான். போனவர்கள் எல்லாரும் நாயைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு நாள் ராய் கடையின் பின்னறையில் ஏணியில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஈஸ்டர் வந்தது. ஏவ்ரில் கதவைத் திறந்தாள். வேறு என்ன செய்வது? விரிப்புகளை மாற்றினாள், முட்டையைப் பொரித்தாள், நாயைப் பற்றிச் சொன்னாள். வழி கேட்டால் கூடத்தில் மாட்டியிருந்த வரைபடத்துக்குக் கூட்டிப்போய் விரலை வைத்துக் காட்டினாள்.

* * *

மிஸஸ் ஹெப்பிள்வைட் டர்ஹாமிலிருந்து வருபவர். பல வருஷமாகக் கணவரோடு வந்தவர், இப்போது அவரும் தனி ஆள். கணவர் இருந்தவரை தூரநோக்கியும் கையுமாகச் சதுப்பில் பறவை பார்ப்பதே வேலை. இந்த ஜூனில்தான் முதல் தடவையாக, "இவ்வளவு வருஷமா சொல்றீங்களே, அந்த நாயைப் பார்த்துட்டு வர்றேன்" என்று கிளம்பினார். ஏவ்ரில் வரைபடத்தில் விரலை வைத்தாள். மிஸஸ் ஹெப்பிள்வைட் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "ரொம்ப தூரமா இருக்கே" என்றார்.

சாயங்காலம் அவர் கார் வந்து நின்றதும் ஏவ்ரில் வாசலுக்கே போய்விட்டாள்.

"பாத்தீங்களா? மூஞ்சி எப்படி?"

மிஸஸ் ஹெப்பிள்வைட் கார் கதவைச் சாத்துவதற்குத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார். "சர்ச் அழகா இருக்கு. சுத்தமா வச்சிருக்காங்க."

"நாய்?"

"நாய் இல்லம்மா."

"மூலையில இருக்கும். சில பேருக்குக் கண்ணுல படாது."

"எல்லா பெஞ்சையும் பாத்தேன். எல்லாம் பள்ளிக்கூடத்து பெஞ்சு மாதிரி மொழுமொழுன்னு இருக்கு. அங்க புல்லு வெட்டிட்டிருந்த ஆளைக் கேட்டேன். பொறந்ததுல இருந்து அந்த ஊராம். செதுக்கின பெஞ்சு எதுவுமே அங்க இருந்ததில்லைன்னு சொல்றான்." பிறகு அவசரமாக, "உங்க வீட்டுக்காரர் வேற ஊரைச் சொல்லியிருப்பாரு. ஆம்பளைங்களுக்கு ஊர்ப் பேரு எங்க ஞாபகம் இருக்கு!" என்றார்.

ராய்க்கு ஊர்ப் பேர் மறக்காது. கடையில் இருக்கும் திருகு ஒவ்வொன்றும் எந்த இழுப்பறை என்று சொல்லக்கூடியவன். ஏவ்ரில் தேநீர் போட உள்ளே போனாள். கெண்டி கொதித்து அணைந்த பிறகும் அதன் முன்னாலேயே நின்றிருந்தாள்.

ஹேரத்தில் நாய் இல்லையென்றால் ராய் ஹேரத்துக்குப் போகவில்லை. போகவில்லையென்றால் அந்தப் புதன்கிழமை அவன் எங்கே இருந்தான்? அந்த ஒரு புதன்கிழமை மட்டுந்தானா? நாயைப் பார்த்தோம் என்று இத்தனை வருஷமாகச் சொன்ன விருந்தாளிகளும் அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் சொன்னார்களா?

மறுநாள் காலை நண்டு வாங்கப் போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நண்டுக் கடை தெல்மாவுடையது. ராயின் தங்கை. நண்டின் ஓட்டை உடைத்துக்கொண்டே பேசுவாள், அவளுக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது.

"எங்க அண்ணனா? சின்ன வயசுலயே அளப்பான் அண்ணி. பள்ளிக்கூடம் போகாம கடற்கரையில சுத்திட்டு வந்து, இன்னைக்கு டீச்சர் திமிங்கலத்தப் பத்தி பாடம் எடுத்தாங்கம்பான். எங்கம்மா நம்புவாங்க. உங்கள மாதிரியே."

"அப்ப எங்க போவான்னு நெனைக்கிற?"

"புதன்கிழமையா? யாருக்குத் தெரியும்! நல்லா சட்டை மாத்திட்டு, காதுக்குப் பின்னால பென்சில சொருகிட்டு ஜோரா போவான். நான்கூட என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவேன், இவனுக்கு எங்கயோ ஒரு விதவை ஸ்கோன் ரொட்டி சுட்டு வச்சிட்டு காத்திருக்கான்னு." தெல்மா கடகடவென்று சிரித்தாள். ஏவ்ரில் சிரிக்காததைப் பார்த்து ஒரு நண்டைக் கூடுதலாகப் போட்டாள். "அட, வெளையாட்டுக்குச் சொன்னேன். போங்கண்ணி. செத்தவன் எங்க போயிருந்தா என்ன?"

நண்டை எடுத்துக்கொண்டு ஏவ்ரில் மேட்டில் ஏறினாள். சதுப்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது, உமரிச் செடிகள் சேற்றில் பச்சையாக நின்றன. விதவை என்ற எண்ணம் அவளுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ராய் அப்படிப்பட்ட ஆள் என்றால் ஸ்கோன் வாசனையாவது சட்டையில் வந்திருக்கும், அவளுக்கு நல்ல மூக்கு. அவளை அரித்தது வேறு. அந்தச் சாயங்காலங்கள். கூடைமேல் உட்கார்ந்து அவன் சொன்னதெல்லாம் எங்கேயாவது காரை நிறுத்திவிட்டுத் தூங்கி எழுந்து, வழியில் கட்டிக்கொண்டு வந்த கதையா? அவள் அதையா தலைமேல் வைத்துக்கொண்டு ஊர் உலகத்துக்கெல்லாம் பரிமாறினாள்?

போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான்.

"கதவு திறக்க ஆள் வேணுமே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை மிஸஸ் ஹெப்பிள்வைட் கேட்டுவிட்டார்.

"நான் இருக்கேன்."

"நீங்க விருந்தாளி!"

"என்னை ஒரு நாளாவது அந்த ஏப்ரனைப் போட விடுங்க. எனக்கு ரொம்ப நாளா ஆசை. வர்றவங்ககிட்ட 'ஷூவைக் கழட்டுங்க'ன்னு அதட்டணும்."

* * *

காலை பஸ்ஸை ஓட்டியவன் டட்லி நட். ஸ்டிவ்லிங்காரன்தான். நிறுத்தத்தில் ஏவ்ரிலும் இரண்டு மாணவிகளும் நின்றிருந்தார்கள்.

"ஏறுங்க, ஒண்ணா!" என்றான். நார்ஃபோக்கில் ஒருவருக்கு மேல் ஆள் இருந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்கள், முன்பின் தெரியாதவர்களானாலும் ஒண்ணாதான். "ஏவ்ரில் புள்ள! நீ பஸ்ஸுல ஏறி நான் பாத்ததே இல்லையே. வீடு தீப்பிடிச்சிடுச்சா?"

"நார்விச்சுக்கு ஒரு டிக்கெட் குடு. வாயடிக்காத."

நார்விச்சில் இறங்கி, தெற்கே போகும் வேறு பஸ்ஸைப் பிடித்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பன்றிகள், பீட்ரூட் வயல், மறுபடி பன்றிகள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேவாலயக் கோபுரம், சிலது சதுரம், சிலது உருண்டை. உருண்டைக் கோபுரத்தைப் பற்றி ராய் சொல்லியிருக்கிறான். அது உண்மைதான். அதுவரைக்கும் உண்மை.

ஹேர்ஹாம் என்று பலகை போட்ட இடத்தில் இறங்கினாள். ராய் அதை 'ஹேரம்' என்றுதான் சொல்வான். இந்தப் பக்கத்து ஆட்கள் ஊர்ப் பேரை முழுசாகச் சொன்னால் வாய் வலிக்கும் என்பது போல் பாதியை விழுங்கிவிடுவார்கள், அவளுக்கு அது பழகிப்போன விஷயம். சர்ச் கதவு திறந்திருந்தது. மிஸஸ் ஹெப்பிள்வைட் சொன்னது அத்தனையும் சரி. சுத்தமான, வார்னிஷ் அடித்த, மொழுமொழுவென்ற பெஞ்சுகள். ஏவ்ரில் ஒவ்வொன்றின் ஓரத்தையும் கையால் தடவிப் பார்த்தாள். குனிந்து அடியிலும் பார்த்தாள். தூசிகூட இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த நண்டு சாண்ட்விச்சைப் பாதி தின்று, மீதியை மடித்து வைத்துக்கொண்டாள்.

பொய்யென்றால் பொய். ஆனால் எவ்வளவு சிரத்தையான பொய்! பெஞ்சு ஓரம் என்றானே. முன்னங்காலு என்றானே. படுத்துத் தூங்கிவிட்டு வருகிறவனுக்கு அதெல்லாம் எப்படித் தோன்றும்?

திரும்பும்போது நார்விச்சில் மறுபடி டட்லியின் பஸ். மாணவிகள் இல்லை. முன்சீட்டில் ஒரு தபால்காரரும், காய்கறிப் பையோடு ஒரு பெண்ணும்.

"எங்க போயிட்டு வர புள்ள?" என்றான் டட்லி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே. "மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு."

"ஹேரம்."

"நார்விச் போயா ஹேரம் போன?"

"பின்ன எப்படிப் போறது? பறந்தா?"

டட்லி பஸ்ஸை ஒரு வளைவில் திருப்பினான். பிறகு மெதுவாகக் கேட்டான். "எந்த ஹேரம்? எழுதற ஹேரமா, சொல்ற ஹேரமா?"

"என்ன ஒளற?"

"ஹே, ர், ஹா, ம்னு பலகையில போட்டிருக்குமே, தெக்குப் பக்கம். அங்கயா போன?"

"ஹேரம்னா அதானே!"

தபால்காரர் முதலில் சிரித்தார். காய்கறிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது ஹேர்ஹாம்," என்றான் டட்லி. "அத நாங்க ஹேர்ஹாம்னே சொல்லுவோம். அதுவே துண்டுப் பேரு, அதுல வேற எதக் கழிக்கறது? ஹேரம்ங்கறது நம்ம ஹெய்வர்டிங்ஹாம். நம்ம ஊருக்கு அடுத்த மேடு."

ஏவ்ரிலுக்கு ஹெய்வர்டிங்ஹாம் தெரியும். பஸ் நேரத் தாளில் அவள் ஊருக்கு மேலே இருக்கும் பேர். வரைபடத்தைத் துடைக்கும்போதெல்லாம் துணியின் கீழே போகும் பேர். நீளமான, ஒரு வேலைக்கும் உதவாத பேர், யார் வாயிலும் கேட்டதில்லை. அங்கே யாருமே வசிப்பதில்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்திருக்கிறாள்.

"ஹெய்வர்டிங்ஹாம்," என்று எழுத்துக் கூட்டிச் சொன்னாள். "அத எப்படிடா ஹேரம்னு சொல்றீங்க?"

"பின்ன? அவ்வளவையும் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ் அந்த ஊரைத் தாண்டிடும்."

"மேற்கே லின் டவுன் பக்கத்துப் பொண்ணு அவங்க," என்று தபால்காரர் காய்கறிப் பெண்ணுக்கு விளக்கினார், ஏவ்ரில் அங்கே இல்லாத மாதிரி. "கல்யாணம் பண்ணிட்டு இங்க வந்தவங்க. யாரும் சொல்லித் தரல பாவம்."

ஏவ்ரில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப ஹேரத்துலேர்ந்து வாராவாரம் முட்டை கொண்டு வராரே, அவரு..."

"அந்த மேட்டுலேர்ந்துதான்."

"நான் அவரு தெக்குலேர்ந்து வராருன்னு நெனச்சு ஒவ்வொரு வாரமும் டீயும் கேக்கும் குடுத்துட்டிருக்கேன்! முட்டை விக்கறதுக்கா மனுஷன் இவ்வளவு தூரம் வராருன்னு பாவப்பட்டு!"

பஸ் முழுக்கச் சிரித்தது. டட்லி சிரித்த சிரிப்பில் பஸ்ஸை ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏவ்ரிலும் சிரித்தாள். ஆனால் அவள் விரல்கள் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மிஸஸ் ஹெப்பிள்வைட்டைத் தெற்கே அனுப்பியது ராய் இல்லை. அவள்தான். இரண்டு கோடையாக எத்தனை பேரை அந்த வார்னிஷ் பெஞ்சுகளுக்கு அனுப்பியிருப்பாள்? அவர்கள் இங்கிதம் தெரிந்தவர்கள், திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை.

இதனால் ராய் சொன்னது நிஜம் என்று ஆகிவிடாது. தேடிய இடம் தப்பு என்று மட்டும் ஆகும்.

* * *

மறுநாள் மிஸஸ் ஹெப்பிள்வைட் கேட்காமலே ஏப்ரனை மாட்டிக்கொண்டார். முந்தின நாள் நாட்டிங்ஹாமிலிருந்து வந்த ஒரு ஜோடியை அதட்டிப் பார்த்ததில் அவர் ருசி கண்டுவிட்டார்.

ஹெய்வர்டிங்ஹாம் நிறுத்தத்தில் ஏவ்ரில் இறங்கும்போது டட்லி, "ஹேரம்! ஹேரம்! இறங்கறவங்க எல்லாம் இறங்குங்க!" என்று தேவையில்லாமல் கத்தினான்.

சந்து ஒன்று மேலே ஏறியது. பன்றி நாற்றம் வந்தது. சர்ச் சின்னது, உருண்டைக் கோபுரம், கூரையில் பாதி வைக்கோல். உள்ளே தேன்மெழுகு வாசனை. ஒரு பெண் முழங்கால் போட்டு உட்கார்ந்து துணியால் பெஞ்சை மெருகேற்றிக்கொண்டிருந்தாள். ஏவ்ரில் வயசுதான் இருக்கும்.

"வாங்க," என்றாள் திரும்பாமலே. "கால்மிதியில காலைத் தேச்சுட்டு வாங்க."

ஏவ்ரில் தேய்த்தாள். "இங்க ஒரு நாய் இருக்கா?"

துணி நின்றது. "வாத்து வச்சிருக்கற நாயா?"

"ஆமா."

"அடக் கடவுளே, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா!" அந்தப் பெண் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு வருஷமா நிம்மதியா இருந்தேன், ஒருத்தரும் கேக்கல. முன்னெல்லாம் கோடை வந்தா போதும். கார்ல வருவாங்க, கதவைத் திறப்பாங்க, ஐந்நூறு வருஷத்துக் கூரை, அதுல செதுக்கின தேவதைங்க, ஒண்ணையும் அண்ணாந்து பாக்கறதில்ல, வாத்து நாய் எங்க, வாத்து நாய் எங்க. குழந்தைங்க வேற மூஞ்சிய இப்படி வச்சுக்கும்." செய்து காட்டினாள். ஏவ்ரில் செய்கிற அதே மூஞ்சி. "இதைக் கெளப்பிவிட்ட மகராசிய நான் பாத்ததில்ல. என் கையில கிடைச்சா அவளை இந்தத் துணியால... சரி, வாங்க. நான் நார்மா பெக். சாவி, மெழுகு, பூ, எல்லாம் நான்தான்."

மூன்றாவது பெஞ்சு. ஓரத்தில், பல தலைமுறை உள்ளங்கைகள் பட்டுக் கறுத்துப்போன மரத்தில் ஒரு மிருகம் உட்கார்ந்திருந்தது. நீண்ட தாடை. ஒரு காது உடைந்திருந்தது. முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே உருண்டையாக ஒன்று.

இருக்கிறது. ஏவ்ரில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பெஞ்சு ஓரம், முன்னங்கால், எல்லாம் சொன்னபடியே. அவன் வந்திருக்கிறான்.

பிறகு அந்த உருண்டையை உற்றுப் பார்த்தாள். அலகு இல்லை. இறக்கை இல்லை. மூடிய கண்கள் இருந்தன, தாடி இருந்தது. நெற்றிக்கு மேல் பல்பல்லாக ஒரு கிரீடம்.

"இது வாத்து இல்லையே."

"வாத்துன்னு எவன் சொன்னான்? இது ஓநாய். அது ராஜா எட்மண்டோட தலை."

அந்தக் கதை ஏவ்ரிலுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். கடல் தாண்டி வந்த டேனியர்கள் ராஜாவைக் கொன்று தலையை வெட்டிக் காட்டில் எறிந்தார்கள். அவருடைய ஆட்கள் தேடி வரும்வரை ஒரு ஓநாய் அந்தத் தலையைக் காலுக்கு நடுவில் வைத்துக் காத்துக்கொண்டிருந்ததாம். இந்தக் கரையில் பிறந்த யாரும் இதை வாத்து என்று நினைக்க முடியாது. ராயும் நினைத்திருக்க முடியாது.

"ஒரு ஆளு இங்க வருவாரா?" என்று கேட்டாள். குரல் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக வந்தது. "குட்டையா. காதுக்குப் பின்னால பென்சில் வச்சிருப்பாரு. புதன்கிழமையில."

"பேசறவரா?"

"எல்லாரும்தானே பேசுவாங்க."

"அவரு தனியா பேசுவாரு. மொத தடவ எனக்கு பயமாப் போச்சு. நான் அந்தத் தூணுக்குப் பின்னால துடைச்சிட்டிருந்தேன், அவரு பாக்கல. இதுக்கு முன்னால நின்னுக்கிட்டு, 'ஹேரம் சர்ச்சுல ஒரு பெஞ்சு இருக்கு புள்ள'ன்னு ஆரம்பிக்கறாரு. யாரும் இல்ல! கொஞ்சம் சொல்லுவாரு, நிறுத்துவாரு. 'ம்ஹூம், இதுக்கு அவ சிரிக்க மாட்டா'ம்பாரு. மறுபடி மொதல்லேர்ந்து. படிக்கட்ட எண்ணுவாரு, ஜன்னல எண்ணுவாரு. கதவு எந்த மரம்னு என்கிட்ட கேட்டாரு. எதுக்குன்னா, 'வீட்டுல கேப்பா'ங்கறாரு. அதுக்கப்புறமும் பல தடவ வந்தாரு. இங்க மட்டுமில்ல, சுத்துவட்டாரத்துல எல்லா சர்ச்சுலயும் இப்படித்தானாம். எங்க சாவிக்காரங்க எல்லாம் கூடினா அவரைப் பத்திப் பேசிச் சிரிப்போம்."

"ஓநாய்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? நானே பிடிச்சுக் கேட்டேன், ஏன்யா ராஜாவ வாத்தாக்கறன்னு. 'அம்மா, எங்க வீட்டுல இத காலைச் சாப்பாட்டு நேரத்துலதான் சொல்லணும். வெட்டுன தலைன்னா எவன் சாசேஜ தொடுவான்?'னாரு." நார்மா சிரித்துவிட்டு நிறுத்தினாள். "அப்புறம் இன்னொண்ணும் சொன்னாரு. 'அவ நாள் முழுக்க வீட்டுக்குள்ளயே இருக்கா. அவளுக்குப் போய் செத்தவன் தலையையா கொண்டு போறது?'னு. எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. ஏங்க, அவரு சம்சாரத்துக்கு என்ன? படுத்த படுக்கையா?"

"இல்ல," என்றாள் ஏவ்ரில். "அவளுக்குத் துவைக்கற துணி நெறைய."

நார்மா அவளைப் பார்த்தாள். அவள் மடியில் இருந்த, சோப்பில் ஊறி வெளுத்துப்போன கைகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அந்த மகராசி..."

"நான்தான்."

"நான் அந்தத் துணியப் பத்திச் சொன்னது..."

"பரவாயில்ல. குழந்தைங்க மெழுகு போட்ட பெஞ்சுல ஏறி மிதிச்சிருக்கும்."

கோபுரத்துக்குள் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன. அந்த ஆள் இப்போது உயிரோடு இல்லை என்பதை நார்மா கேட்காமலே புரிந்துகொண்டாள் போலிருந்தது. எப்போது என்று மட்டும் கேட்டாள், ஏவ்ரில் சொன்னாள். நார்மா கையில் இருந்த துணியை நான்காக மடித்தாள்.

ஏவ்ரில் ஓநாயின் தாடையில் விரலை வைத்தாள். மரம் வழவழவென்று, கொஞ்சம் கதகதப்பாகக்கூட இருந்தது. பின்னால் சாய்ந்து பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ராய் சொன்ன திருட்டு மூஞ்சி அதற்கு இல்லவே இல்லை. வேலையில் இருக்கும் மிருகத்தின் மூஞ்சி அது. யாராவது வரும்வரை இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று உத்தரவு வாங்கிக்கொண்ட மாதிரி. இதை அவள் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். "நீ பாத்தது தப்பு ராய், நல்லா பாரு" என்று ஒரு சண்டை போட்டிருக்கலாம். அவனோடு சேர்ந்து ஒரு பொருளைப் பார்த்து, அது என்னவென்று அடித்துக்கொள்ளும் சந்தர்ப்பம் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வாய்க்கவில்லையே என்று அப்போதுதான் பட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு வேறு ஒன்று மெதுவாக உள்ளே நுழைந்தது. இதையே மாற்றியவன் வேறு எதையெல்லாம் மாற்றியிருப்பான்?

"பெரிய மாளிகை இருக்குல்ல, ஏரிக்கரையில," என்றாள். "அங்க ஒரு ரூம்ல சுவரு பூரா பறவை வரைஞ்சிருக்காம். அதுல ஒண்ணு மட்டும் தலைகீழா தொங்குதாம். வரைஞ்சவனுக்குக் கூலி குடுக்காததால கோபத்துல அப்படிப் பண்ணிட்டானாம். ராய் சொன்னான்."

நார்மாவின் புருவம் மேலே போனது. "தலைகீழாவா? அங்க நான் போயிருக்கேனே. அது வந்து..."

ஏவ்ரில் சட்டென்று கையைத் தூக்கினாள். "வேணாம். சொல்லாதீங்க."

"இல்ல, அது என்னன்னா..."

"சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல! நானே போய்ப் பாத்துக்கறேன்." எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த மெழுகைத் தட்டினாள். "சனிக்கிழமை திறந்திருக்குமா?"

"திறந்திருக்கும்," என்றாள் நார்மா, சொல்ல முடியாமல் போனதை விழுங்கிக்கொண்டு. "சீக்கிரமா போயிடுங்க. மத்தியானத்துக்கு மேல டீ ரூம்ல ஒண்ணும் மிஞ்சாது."